பிள்ளைகளின் படங்களில் என் கை

பிள்ளைகள் வரைந்த படங்களை என் கையால் மாற்றியிருக்கிறேன். மாற்றிய படத்தின் கீழே அவர்கள் பெயரை எழுதி, சுவரில் ஒட்டி, பெற்றோரை வரவழைத்துக் காட்டி, பாராட்டும் வாங்கியிருக்கிறேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து சம்மர் கேம்ப்களில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவன் நான். என்னுடைய பல கோடைகள் இப்படித்தான் கழிந்தன. ஏதோ ஒரு நாள் அவசரத்தில் நேர்ந்த பிழை என்று இதைச் சொல்ல முடியாது. வருடம் தவறாமல், தெரிந்தே, திட்டம் போட்டுச் செய்தேன். இப்போது வெளியே சொல்வதற்குக் காரணம், நான் நிறுத்தியதால் இந்தப் பழக்கம் நின்றுவிடவில்லை என்பதுதான். அடுத்த மே மாதமும் ஏதாவது ஒரு ஹாலில் இது நடக்கும். அதைப் பெற்றோர் கண்டுபிடிக்க வேண்டுமானால், செய்தவன் எவனாவது வாய் திறக்க வேண்டும்.

செய்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கேம்ப் இரண்டு மூன்று வாரம் நடக்கும். காலை பத்து மணிக்குத் தொடங்கி, கத்திரி வெயில் உச்சிக்கு ஏறுமுன் முடித்துவிடுவோம். ஐந்து வயதுக் குழந்தையும் பதின்மூன்று வயதுப் பையனும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் நாள் பலகையில் ஒரு ‘சீனரி’ போடுவேன். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், நெளிந்து வரும் ஆறு, கரையில் ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை, வானத்தில் சில பறவைகள். நான் ஒரு கோடு போட்டதும் பிள்ளைகள் ஒரு கோடு போட வேண்டும். அம்பத்தூரில் மலை கிடையாது. அங்கே இருப்பது ஆகாயத்தாமரை படர்ந்த ஏரி, தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள், ஷிப்டு பஸ்கள், கன்டெய்னர் லாரிகள், நொடிக்கொரு ஹாரன். ஆவடிப் பிள்ளைகளுக்கு விஜயந்தாவும் அர்ஜுனும் உருவான டாங்கி ஃபேக்டரி தெரியும். பூந்தமல்லிப் பிள்ளைகள் மெட்ரோ தூண்கள் எழும்புவதை அன்றாடம் பார்த்தவர்கள். இதில் எதையும் நான் பலகையில் போட்டதில்லை. இவற்றை ஒரு குழந்தை எப்படிப் பார்க்கும், எங்கிருந்து தொடங்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. மலையும் சூரியனும் என்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரி வந்துவிடும்.

கடைசி இரண்டு நாட்களில் ‘ஃபினிஷிங்’ கொடுப்பேன். எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு படங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்காருவேன். கோணலாக நிற்கும் வீட்டை ஸ்கேல் வைத்து நேராக்குவேன். திட்டுத்திட்டாக இருக்கும் ஆயில் பேஸ்டலைத் துணியால் தேய்த்து வானத்தை வழவழப்பாக்குவேன். மரத்தடியில் நிழல் விழும், பானையின் வயிற்றில் ஒரு வெள்ளைப் பளபளப்பு ஏறும். கடைசியாக எல்லாவற்றையும் சுற்றிக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு அவுட்லைன். அது விழுந்ததும் ஐந்து வயதுப் படமும் பன்னிரண்டு வயதுப் படமும் ஒரே கை போட்டது மாதிரி ஆகிவிடும். உண்மையில் அது ஒரே கைதான்.

ஏன் செய்தேன் என்று கேட்டால், பணத்துக்காக என்று சொல்வது சுலபம். அதில் உண்மையும் உண்டு. கண்காட்சி நாளில் அம்மாக்கள் வந்து, “சார், எங்க பாப்பா போட்டது எது?” என்று தேடுவார்கள். கண்டுபிடித்ததும் போனில் படம் எடுத்து, “இவ்ளோ நல்லா போடுவாளா இவ!” என்று வியப்பார்கள். அந்தப் போட்டோ அன்று மாலையே அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். அடுத்த வருடத்துக்கான அட்மிஷன் அங்கேயே உறுதியாகிவிடும். ஓவியம் படித்துவிட்டு மாதச் சம்பளம் இல்லாமல் இருக்கும் ஒருவனுக்கு மே மாத வருமானம் சின்ன விஷயம் அல்ல.

ஆனால் பணம் மட்டும் காரணமாக இருந்திருந்தால் இதை எப்போதோ விட்டிருப்பேன். என் படங்களைக் கேட்டு எந்தக் கேலரியும் வந்ததில்லை. நான் வரைந்தவை வீட்டுப் பரணில் கிடக்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை எனக்குக் கிடைத்த சுவர், இந்தப் பிள்ளைகளின் சுவர்தான். அதில் என் கோடுகளை மாட்டிக்கொண்டேன். அவர்கள் பெயரில் எனக்கு நானே கண்காட்சி நடத்திக்கொண்டேன். என் குற்றத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. மற்ற காரணங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் கற்ற முறையும் இதற்கு இடம் கொடுத்தது. இந்தியாவின் மிகப் பழைய ஓவியப் பள்ளி சென்னையில், பூந்தமல்லி நெடுஞ்சாலையின் எழும்பூர்ப் பக்கத்தில்தான் இருக்கிறது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கியது. இன்று அரசு கவின்கலைக் கல்லூரி. கைத்தொழிலுக்கு வேண்டிய பழகிய கைகளை உருவாக்குவதே அக்காலத்து ஓவியப் பள்ளிகளின் முதல் நோக்கம். மாதிரியைப் பார்த்துப் பிசகாமல் போடு என்பதே பாடம். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் எழுதிய எவருக்கும் ‘ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்’, ‘மாடல் டிராயிங்’ என்ற பெயர்கள் மறக்காது. அந்தத் தேர்வுக்கு அந்த அளவுகோல் பொருந்தும். வளர்ந்த ஒருவன் தொழிலுக்காகக் கையைப் பழக்குகிறான். அதே அளவுகோலை நான் ஏழு வயதுப் பிள்ளையின் தாள்மேல் வைத்தேன். அது ஹண்டர் காலத்துப் பள்ளியின் தவறு அல்ல. அதே கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், எழுத்து, ஜாதகக் கட்டம் போன்ற குறிகளால் தாளை நிரப்பிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை 1963-இல் தொடங்கினார். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார். அந்த வரலாறு எனக்கு மனப்பாடம். பணிக்கரின் படத்துக்கு முன்னால் நின்று அந்தச் சுதந்திரத்தை வியந்திருக்கிறேன். பிள்ளையின் தாளில் அதைப் பார்த்தபோது ரப்பரை எடுத்தேன்.

இரண்டு படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு பையன் மின்சார ரயில் வரைந்தான். தாளின் குறுக்கே நீளமாக ஒரு பெட்டி. பெட்டியின் தகரத்தைத் தாண்டி உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் தெரிந்தார்கள். கதவோரம் சாப்பாட்டுப் பையோடு அவன் அப்பா. தண்டவாளத்துக்கு மேல்பக்கத்து வீடுகள் நேராக நின்றன. கீழ்ப்பக்கத்து வீடுகள் தலைகீழாகத் தொங்கின. நான் அந்தத் தாளை உயர்த்திப் பிடித்து, “வீடு தலைகீழா நிக்குமாடா?” என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. சிரிக்கவைத்தவன் நான். பிறகு அவன் படத்தை அழித்து, தண்டவாளம் இரண்டும் தூரத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேர்வது போலப் போட்டுக்கொடுத்தேன். பெர்ஸ்பெக்டிவ் பிசகாத ரயில். அவ்வளவு தூரத்தில் வரும் ரயிலில் அப்பா தெரிய மாட்டார். அதனால் அப்பாவும் படத்தில் இல்லாமல் போனார்.

விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக் கல்வியாளர் 1947-இல் வெளியிட்ட நூலில், பிள்ளைகளின் ஓவியம் கடந்துவரும் கட்டங்களை வகுத்திருக்கிறார். ஏழு முதல் ஒன்பது வயது வரை பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதை அல்ல, தாங்கள் அறிந்ததை வரைகிறார்கள். ரயிலுக்குள் ஆட்கள் இருப்பது அவனுக்குத் தெரியும். ஆகவே தகரம் மறைக்காது. இதை எக்ஸ்ரே படம் என்பார்கள். தண்டவாளத்தின் நடுவே நிற்பவனுக்கு இரு பக்கமும் வீடுகள் தரையிலிருந்தே எழுகின்றன. அதைத் தட்டைத் தாளில் சொல்ல, நடுக்கோட்டிலிருந்து இரு புறமும் விரித்துப் போடுவதை விட நேரான வழி எது? அந்தப் பையன் தப்பாக வரையவில்லை. கடினமான ஒரு கணக்கைத் தானாகவே போட்டு விடை கண்டிருந்தான். அவன் வயதுப் பிள்ளைகள் உலகெங்கும் அப்படித்தான் அந்தக் கணக்கைப் போடுகிறார்கள். இது எழுதப்பட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்துக் காசு வாங்கியவன் இதைப் படித்திருக்க வேண்டும். நான் படிக்கவில்லை.

இரண்டாவது படத்தைப் பற்றி எழுதுவது இன்னும் கஷ்டம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கொரட்டூர், அம்பத்தூர், பட்டரவாக்கம் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அடுத்த கோடையில் கேம்புக்கு வந்த ஒரு சிறுமி அதை வரைந்தாள். தாள் முழுக்கப் பழுப்பு நிறம். செங்கல் அடுக்கி உயர்த்திய கட்டில். கட்டில்மேல் அவள் பாட்டி, தலை கூரையில் இடிக்கும் அளவுக்குப் பெரிதாக. மற்றவர்கள் எல்லாம் பாட்டியின் முழங்கால் உயரம்.

“தண்ணி ப்ளூ கலர்தானம்மா?” என்றேன்.

“இல்ல சார். இது வீட்டுக்குள்ள வந்த தண்ணி.”

அந்தப் பதில் என் காதில் நன்றாக விழுந்தது. அதற்குப் பிறகும் புதுத் தாள் ஒன்றைக் கொடுத்தேன். நீலத் தண்ணீர், ஒரு படகு, வாசலில் அளவான பாட்டி என்று சொல்லிச் சொல்லிப் போடவைத்தேன். அந்தப் படம் சுவரின் நடுவில் தொங்கியது. எல்லாரும் பாராட்டினார்கள். பழுப்புத் தாள் கேம்ப் முடிந்ததும் பழைய பேப்பரோடு போய்விட்டது.

மாமல்லபுரத்துக்கு ஸ்கெட்ச் போடப் போனவன் நான். எந்த உருவம் முக்கியமோ அது பெரிதாக இருக்கும் என்பது நம் சிற்பிகளின் இலக்கணம். தெய்வம் பெரிது, அடியார் சிறிது. கோயில் சுவர்களிலும் தஞ்சாவூர் ஓவியங்களிலும் நடுவில் இருக்கும் தெய்வம் இடத்தை நிறைத்து நிற்கும். இதைப் பற்றி நண்பர்களிடம் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். அந்தச் சிறுமி அதே இலக்கணத்தை யாரும் சொல்லிக்கொடுக்காமல் எட்டியிருந்தாள். தண்ணீர் ஏறிய ராத்திரியில் அவள் வீட்டில் யார் பெரியவர் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கல்லில் கண்டால் மரபு என்றவன், அவள் கையில் கண்டபோது ‘அளவு சரியில்லை’ என்றேன்.

லோவன்ஃபெல்ட் வியன்னாவில் பார்வையற்றோர் பள்ளியில் பிள்ளைகளுக்குக் களிமண் வேலை கற்பித்தவர். தொட்டும் உணர்ந்தும் உலகை அறியும் பிள்ளை, தான் அழுத்தமாக உணர்ந்த பகுதியைப் பெரிதாகச் செய்யும் என்பதை அங்கே கண்டார். கண் தெரிந்த பிள்ளைகளிலும் பலர் அப்படி உணர்ச்சியின் அளவில் வரைபவர்கள்தான் என்று பிறகு எழுதினார். பூந்தமல்லியிலும் பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். பிள்ளைகளின் கலை என்றால் என்ன என்று யோசிக்கத் தூண்டும் இடம் என் வழியிலேயே இருந்தும் எனக்கு அந்த யோசனை வரவில்லை.

புதுத் தாளில் போட்ட நாளுக்குப் பிறகு அந்தச் சிறுமி தானாக எதையும் தொடங்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவாள். “நீங்களே போட்டுக் குடுங்க சார், நான் கலர் அடிக்கிறேன்.” இந்த வாக்கியம் எனக்குப் புதிதல்ல. ஒவ்வொரு கேம்பிலும் இரண்டாவது வாரத்தில் பல பிள்ளைகள் இதைச் சொல்வார்கள். இரண்டாம் வருடம் வருகிறவர்கள் முதல் நாளே சொல்வார்கள். இத்தனை வருடமும் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். சார் போட்டால்தான் நன்றாக இருக்கும் என்று பிள்ளைகள் ஆசையாகக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் ஒரு தோல்வியை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் கண்ணையும் கையையும் நம்பக் கூடாது என்று என்னிடம் கற்றுக்கொண்டு, கற்றதை ஒழுங்காக ஒப்பித்தார்கள். வரும்போது எல்லாவற்றையும் வரைந்தவர்கள், போகும்போது சீனரி மட்டும் வரைந்தார்கள்.

சான்றிதழும் இதற்குத் துணை நின்றது. கடைசி நாளில் எல்லாருக்கும் சர்டிபிகேட், சிலருக்குப் பரிசு. முதல் நாளிலிருந்தே அதைச் சொல்லிச் சொல்லி வேலை வாங்குவேன். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதை விரும்பும் சிறு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்குச் சொல்லவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. சில நாட்கள் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள், மற்ற பிள்ளைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். பரிசுக்காகப் போட்ட படங்களின் தரமும் குறைவாக இருந்தது. விளையாட்டாக இருந்ததை நாம் வேலையாக்கினால், கூலி நின்றதும் பிள்ளை வேலையை நிறுத்திவிடுகிறது. நான் அச்சடித்துக் கொடுத்த சான்றிதழ்கள் எத்தனை வீட்டு ஷோகேஸில் இருக்கின்றனவோ, அத்தனை வீட்டிலும் கிரேயான் பெட்டி தூசி படிந்திருக்குமோ என்று அஞ்சுகிறேன்.

இதற்கு மாற்று, பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுவிடுவதா என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். அல்ல. 1897-இல் வியன்னாவில் பிள்ளைகளுக்கென்றே ஓவிய வகுப்பைத் திறந்த ஃபிரான்ஸ் சிசெக், அவர்கள் கலையை அவர்கள் போக்கில் வளரவிட வேண்டும் என்றவர். அவரும் பிள்ளைகளுக்குக் கருவிகளையும் வேலைமுறைகளையும் கொடுத்தார். சாந்திநிகேதனில் படித்த தேவி பிரசாத், 1944 முதல் 1962 வரை சேவாகிராமத்தில் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தார். அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய நூல், கலையைக் கல்வியின் அடிப்படை என்கிறது. ஓவியர்களை உருவாக்குவது அவர் நோக்கம் அல்ல. ஒவ்வொரு பிள்ளையும் முழு மனிதனாக வளரக் கலை வேண்டும் என்பதே அவர் வாதம்.

சொல்லிக்கொடுக்க நிறைய இருக்கிறது. ஆயில் பேஸ்டலை எப்படி அழுத்தினால் எப்படி விழும், எந்த இரண்டு நிறத்தைக் கலந்தால் ஏரித் தண்ணீரின் பழுப்பு வரும், ஈரத் தாளில் வாட்டர் கலர் எப்படி ஓடும் என்பதெல்லாம் பாடம். வேப்பிலை ஒன்றைக் கையில் கொடுத்து, அதன் ஓரத்துப் பல்லை விரலால் தடவிப் பார்க்கவைத்துவிட்டு வரையச் சொல்வது பெரிய பாடம். ஒன்பது பத்து வயதில் பிள்ளைகளே தங்கள் படத்தில் திருப்தி இழப்பார்கள். “இது நிஜம் மாதிரி இல்லையே, எப்படி சார் போடறது?” என்று கேட்பார்கள். பெர்ஸ்பெக்டிவ் சொல்லித்தர அதுதான் சமயம். அப்போதும் என் கோடு என் தாளில் இருக்க வேண்டும். அவர்கள் தாளை நான் தொடக் கூடாது.

இப்போது நான் நடத்தும் வகுப்பில் பலகை காலியாக இருக்கும். பிள்ளைகள் வரைந்து முடித்ததும், “இதப் பத்தி சொல்லு” என்று மட்டும் கேட்கிறேன். அவர்கள் சொல்வதைப் படத்தின் பின்பக்கத்தில் அப்படியே எழுதிவைக்கிறேன். பெயரை அவர்களே எழுதுகிறார்கள். பரிசு கிடையாது. கண்காட்சிச் சுவர் முன்போல் ஒழுங்காக இல்லை. சில பெற்றோர், “போன வருஷம் மாதிரி நீட்டா இல்லையே சார்” என்று சொல்லிவிட்டு வேறு கேம்புக்கு மாறினார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்குத் தகுதி இல்லை. நீட்டாக இருப்பதே நல்ல படம் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவைப் பார்த்தால் கை இன்னும் தானாக நீளுகிறது. பழக்கம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கேம்பின் கடைசி நாளில் உங்கள் பிள்ளையின் படத்தை மட்டும் பார்க்காமல் சுவர் முழுவதையும் பாருங்கள். எல்லாப் படத்திலும் ஒரே அவுட்லைன் ஓடினால், சின்னக் குழந்தையின் கோடும் பெரிய பிள்ளையின் கோடும் ஒன்றாக இருந்தால், உங்கள் தெருவோ உங்கள் வீட்டு மனிதர்களோ எந்தத் தாளிலும் இல்லாவிட்டால், அங்கே வரைந்தவர் ஆசிரியர். பிள்ளையிடம் படத்தைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். தானாக வரைந்த பிள்ளைக்குச் சொல்லி மாளாது. அழகாக இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்லும் அவசரம் வேண்டாம். கிறுக்கலும் கோணலும் உள்ள சுவரைக் காட்டும் ஆசிரியர் கிடைத்தால், அவருக்கே அடுத்த வருடமும் பணம் கட்டுங்கள். அவர் உங்கள் பிள்ளைக்கு நேர்மையாக வேலை செய்கிறார்.

என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் சிலர் இன்று கல்லூரிக்குப் போகிறீர்கள், வேலைக்குப் போகிறீர்கள். யாராவது படம் வரையச் சொன்னால், “எனக்கு டிராயிங் வராது” என்று ஒதுங்குகிறீர்கள் என்றால், அந்த எண்ணம் என் வகுப்பில் உருவாகியிருக்கலாம். அது தவறான எண்ணம். உங்களுக்கு வரைய வந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அழித்தேன். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்த மலையும் சூரியனும் என்னுடையவை. அவற்றைக் கழற்றிவிட்டு, உங்களுக்குத் தெரிந்ததை, தெரிந்த அளவில், தெரிந்த நிறத்தில் மறுபடி வரையுங்கள்.